அகலிகை வீடு திரும்பிய பிறகு

ராமனின் பாதத்தூசி பட்டதும் கல் பெண்ணாகிறது. கதை அத்தோடு முடிந்தது என்றுதான் பாட்டிமார் சொல்லி முடிப்பார்கள். புதுமைப்பித்தன் அங்கேதான் தொடங்கினார். 1943இல் 'கலைமகள்' இதழில் வந்த 'சாப விமோசனம்' சிறுகதையில், சாபம் நீங்கிய அகலிகையும் சபித்த கோதமனும் சரயு நதிக்கரையில் குடிசை போட்டு மறுபடியும் குடித்தனம் நடத்துகிறார்கள். கோதமன் பழைய கோபக்காரன் இல்லை. மனைவி மேல் அவனுக்குச் சந்தேகம் கிடையாது, அன்பு உண்டு. ஆனாலும் குடித்தனம் கூடிவரவில்லை. எதிரே வரும் ஆண்களெல்லாம் அவளுக்கு, தன்னை ஏமாற்றிய இந்திரனாகவே தெரிகிறார்கள். ஒரு வார்த்தை பேசுவதற்குமுன் அதை மனசுக்குள் பலமுறை புரட்டிப் பார்க்கிறாள். கணவன் சும்மா சொன்னதில்கூட ஏதோ உள்ளர்த்தம் இருக்குமோ என்று பதறுகிறாள். கடைசியில் கணவன் அவளைத் தழுவுகிறான். அந்த நொடியில் அவள் காண்பது கணவனை அல்ல. கணவன் உருவில் வந்த அந்த மற்றவனை. அவள் மறுபடியும் கல்லாகிறாள்.

அன்புள்ள ஒருவன் தொடும்போது உடம்பு வேறொருவனை நினைவுகூர்ந்து உறைந்துபோவதற்கு இன்று மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. 1943இல் இல்லை.

அந்தப் பெயர் வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆன் பர்ஜஸ் என்ற செவிலியரும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளரும், பாஸ்டன் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் பாலியல் வன்முறைக்கு ஆளாகி வந்த 92 பெண்களிடம் பேசி, அவர்கள் பட்ட பாட்டை 1974இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். நள்ளிரவில் விழித்துக்கொள்வது, வீட்டை மாற்றிவிடுவது, பின்னால் யாராவது நடந்து வந்தால் உடல் நடுங்குவது, கணவனையோ காதலனையோ நெருங்க முடியாமல் போவது என்று எல்லாம் அதில் இருந்தன. போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் கண்ட குறிகளோடு இவை பெரிதும் ஒத்துப்போயின. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இரண்டையும் உள்ளடக்கிய ஒரு நோய்ப்பெயரை ஏற்றுக்கொண்டது. ஆங்கில எழுத்துச் சுருக்கமாக 'பி.டி.எஸ்.டி.' என்று அதை இன்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1992இல் அமெரிக்காவில் பார்பரா ராத்பாமும் எட்னா ஃபோவாவும் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வில், சம்பவம் நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் 94 சதவீதப் பெண்களுக்கு இந்தக் குறிகள் இருந்தன. மூன்று மாதம் கழித்து அது 47 சதவீதமாக இறங்கியிருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் தாமாகவே ஓரளவு தேறிவிடுகிறார்கள் என்று பொருள். மீதிப் பாதிப் பேருக்கு அது தானாகத் தீரவில்லை என்றும் பொருள். 'காலம் எல்லாத்தையும் ஆத்திரும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பாதிதான் சரி.

தமிழ்ப் பத்திரிகைகள் இந்தக் குற்றத்துக்கு நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்ற சொல்லைத்தான் புழங்கின. குற்றம் செய்தவனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அவளிடம் இருந்த ஏதோ ஒன்று அழிந்துவிட்டது என்று அறிவிக்கும் சொல் அது. இப்போது 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகிறோம். ஏட்டில் மாறிய சொல் வீட்டுப் பேச்சில் மாறவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களின் காதில் அந்தப் பழைய சொல்தான் விழுகிறது.

வன்முறைக்குப் பிறகு காதல் என்னவாகிறது என்பதில் சனெல் மில்லர் என்ற அமெரிக்கப் பெண்ணின் அனுபவம் பல கதவுகளைத் திறந்து காட்டும். 2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த விருந்து ஒன்றுக்குத் தங்கையோடு போனபோது அவருக்கு வயது 22. நினைவிழந்து கிடந்தவரை ஒருவன் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் தாக்கிக்கொண்டிருந்ததை, சைக்கிளில் போன இரண்டு ஸ்வீடன் நாட்டு மாணவர்கள் பார்த்து, ஓடியவனைத் துரத்திப் பிடித்தார்கள். சனெல் கண்விழித்தது மருத்துவமனையில். தனக்கு என்ன நடந்தது என்ற முழு விவரத்தையே சில நாள் கழித்து வேலையிடத்தில் ஒரு செய்தியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்.

அவருக்கு அப்போது வெளியூரில் ஒரு காதலன் இருந்தான். அன்றிரவு அவர் குழறலாகப் பேசிய குரல்பதிவு அவனுக்குப் போயிருந்தது. மறுநாள் அவன் கவலையோடு கூப்பிட்டு, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டான். சனெல் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகத்தில் பயம் தெரியும், அதைப் பார்த்தால் தன் பயம் பத்து மடங்காகும் என்று நினைத்ததாகப் பின்னால் நீதிமன்றத்தில் அவரே விளக்கினார். ஒன்றுமே நடக்காதது போல் வேலைக்குப் போய்வந்தார். வேலை முடிந்ததும் ஆள் இல்லாத இடத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய்க் கத்தினார். மூன்று மாதம், விடியற்காலை ஆறு மணிக்கு வெளிச்சம் வந்த பிறகுதான் தூங்கினார். தூக்கத்தில் யாரோ தொட, விழிக்க முடியாமல் போகும் கனவு அவரை அப்படி விரட்டியது.

பிறகு வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்விகளில் ஒரு பகுதி அந்தக் காதலைப் பற்றியது. காதல் எவ்வளவு தீவிரமானது, எப்போது தொடங்கியது, உடலுறவு உண்டா, அவனுக்குத் துரோகம் செய்வீர்களா? குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது அந்தக் காதல்தான் என்பது போல. 2016 மார்ச்சில் குற்றம் உறுதியானது. ஜூன் மாதம் விதிக்கப்பட்ட தண்டனை வெறும் ஆறு மாதம், அதிலும் மூன்று மாதத்தில் விடுதலை. அந்த நீதிபதியை 2018இல் மக்களே வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 2019இல் சனெல் தன் பெயரை வெளியிட்டு, 'நோ மை நேம்' என்ற நூலையும் எழுதினார். வழக்கு நடந்த காலம் முழுக்க அந்தக் காதல் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதும் அந்த நூலில் இருக்கிறது. வீர வசனம் பேசிய நாயகனாக அவன் அதில் வரவில்லை. கூடவே இருந்த ஒருவனாக வருகிறான்.

சொல்வதா, வேண்டாமா? இந்த ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், மறைத்தால் ஏமாற்று என்று ஒரு கட்சி. கல்யாணமாகி ஒரு பிள்ளை பிறந்த பிறகு சொல்லலாம் என்று இன்னொரு கட்சி. 'சாகிற வரைக்கும் வாய் திறக்காதே' என்பது அம்மாக்கள் கட்சி. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவி கேட்கவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை என்று பதிவாகியிருக்கிறது. பெரும்பான்மை அம்மாக்கள் கட்சிக்குத்தான்.

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அச்சிடுவதும் வெளியிடுவதும் இந்தியச் சட்டப்படி குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. ஊருக்குச் சொல்லும் உரிமையை அவர் கையில் சட்டம் கொடுத்திருக்கும்போது, வருங்காலக் கணவனிடம் சொல்வதை மட்டும் கடமையாக்குவதில் நியாயமில்லை. திருட்டுக் கொடுத்தவர் யாரும் கல்யாணப் பேச்சில் அதைத் தன் குறையாக ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஒன்று. இருட்டில் தோளைத் தொட்டால் ஏன் அலறுகிறாள் என்று தெரியாத கணவன், தன்னைப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டுவான். அதனால்தான் உறவு ஓரளவு ஊன்றிய பிறகு, விவரம் எல்லாம் இல்லாமல், 'எனக்கு இப்படி ஒன்று நடந்தது, இன்னின்னது செய்தால் பயம் வரும்' என்ற அளவிலாவது சொல்வது பலருக்குச் சுமையை இறக்குகிறது. எவ்வளவு, எப்போது என்பது சொல்பவரின் முடிவு.

கேட்பவரின் முதல் வாக்கியம் முக்கியம். பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறது. 'அந்த நேரத்துல அங்க ஏன் போனே?', 'யார் அவன், பேரைச் சொல்லு', 'ஏன் கத்தல?' மூன்றுமே அன்பில் பிறந்த கேள்விகளாகவும் இருக்கலாம். சொன்னவரின் காதில் போலீஸ் விசாரணையாகத்தான் விழும்.

'ஏன் கத்தல' என்பதற்கு ஸ்டாக்ஹோமில் ஒரு விடை கிடைத்தது. அங்குள்ள சிறப்பு மருத்துவப் பிரிவுக்கு வந்த 298 பெண்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேர் தாக்குதலின்போது கைகால் அசைக்க முடியாமல், குரல் எழும்பாமல் உறைந்துபோனதாகத் தெரிந்தது. பூனை வாயில் சிக்கிய அணில் விறைத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அது சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. உயிரைக் காக்க உடம்பு தானாகச் செய்வது. அப்படி உறைந்தவர்களுக்குப் பின்னால் பி.டி.எஸ்.டி. வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொள்ளும் பெண்ணுக்கும், மனசுக்குள் அவளைக் குறுக்கு விசாரணை செய்யும் கணவனுக்கும் இந்த ஒரு தகவல் தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

இனி படுக்கையறை. பத்திரிகைகள் கூச்சப்பட்டுத் தாண்டிப்போகும் இடமும் இதுதான், மருத்துவர்களிடம் தம்பதிகள் கடைசியாக வாய் திறக்கும் இடமும் இதுதான்.

மூளை ஆபத்தைப் பதியும்போது தேதியோ பெயரோ போட்டு ஒழுங்காக அடுக்கிவைப்பதில்லை. வாசனை, உடல் எடையின் அழுத்தம், கழுத்தில் படும் மூச்சு, அறையின் இருட்டு என்று துண்டு துண்டாகப் பதிகிறது. ஆண்டுகள் கழித்து அதே சவரத் திரவ வாசனை வந்தால் போதும். 'இவர் என் கணவர்' என்று அறிவு சொல்லி முடிப்பதற்குள் இதயம் படபடத்து, உடம்பு ஓடவோ உறையவோ தயாராகிவிடும். சிலருக்கு உடலுறவின்போது கடும் வலி வரும். சிலர் உடம்பை அங்கே விட்டுவிட்டு மனசால் வேறெங்கோ போய்விடுவார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நெருக்கத்தையே தவிர்ப்பவர்கள் உண்டு. அதற்கு நேர்மாறாக, இந்த முறையாவது கடிவாளம் தன் கையில் என்று காட்டிக்கொள்ளப் பல உறவுகளில் விழுபவர்களும் உண்டு. இவர்களை ஊர் பேசும் பேச்சு தனிக் கொடுமை.

வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்ற அமெரிக்க இணையர் 1970இல் ஒரு பயிற்சியை அறிமுகம் செய்தார்கள். பாலியல் சிக்கல்களுக்குப் பொதுவாக வகுத்த 'சென்சேட் ஃபோகஸ்' என்ற அந்த முறையை, வன்முறைக்குப் பிந்தைய சிகிச்சையிலும் சில மாற்றங்களோடு கையாள்கிறார்கள். முதல் விதி, உடலுறவுக்குத் தடை. இன்று எதுவும் நடக்காது என்று இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். பிறகு கையைப் பிடிப்பது, முதுகைத் தடவுவது என்று தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல நகர்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் 'நிறுத்து' என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு 'வேண்டாம்' என்று சொல்லிப் பயனில்லாமல் போனவருக்கு, அந்தச் சொல் இன்று ஒவ்வொரு முறையும் வேலை செய்கிறது என்று காண்பதுதான் மருந்து. விளக்கை எரியவிடுவது, பின்பக்கமாக வந்து அணைக்காமல் இருப்பது, தூங்குபவரைத் தொடாமல் பெயர் சொல்லி எழுப்புவது போன்றவற்றுக்கு வைத்தியர்கூடத் தேவையில்லை.

கோதமனிடம் இல்லாதது அன்பு அன்று. அகலிகையை ஏற்கிறான், மன்னிக்கிறான், தழுவுகிறான். எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறான்.

பக்கத்தில் இருக்கும் ஆணின் பாடும் லேசானது இல்லை. ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவியை 1992 செப்டம்பரில் ஆதிக்க சாதியினர் கூட்டாகத் தாக்கினார்கள். வயலில் கூட இருந்த கணவர் மோகனை முதலில் அடித்துப் போட்டார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் எதிரிகளைப் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. கணவன் கண்முன்னே இப்படி நடக்க விட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பானா என்ற ஐயமும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. காப்பாற்ற முடியாமல் போனவன் என்ற வலியோடு இருந்த மனிதரின் அந்த வலியையே மனைவிக்கு எதிரான சாட்சியாக்கியது தீர்ப்பு. மோகன் மனைவியை விட்டுப் போகவில்லை. ஊர் அவர்களை ஒதுக்கிவைத்தபோதும் இருவரும் அதே ஊரில் இருந்தார்கள். அந்தச் சம்பவத்தை அடுத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா வழிகாட்டுதல்களைத் தந்தது.

பழிவாங்கக் கிளம்பும் கணவர்கள் சினிமாவில் நிறைய. நிஜத்தில் அந்தக் கோபம் அவளுக்கு இன்னொரு வேலை வைக்கிறது. தன் காயத்தை விட்டுவிட்டு அவனைச் சமாதானப்படுத்தும் வேலை. அந்தக் கோபத்தையும் இயலாமையையும் கொட்ட அவனுக்கு வேறு ஒரு காது வேண்டும். ஒரு நண்பன், ஒரு ஆலோசகர், யாராவது.

தமிழில் 'வாழ்க்கை கொடுத்தான்' என்று ஒரு சொல்வழக்கு இருக்கிறது. கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும். உள்ளே பார்த்தால், அவளிடம் அதுவரை வாழ்க்கையே இல்லை என்றும், அதை அவன் தர்மமாகப் போட்டான் என்றும் சொல்கிறது. அப்படிக் கொடுக்கப்பட்ட வாழ்க்கையில் ஒவ்வொரு சண்டையிலும் ரசீது நீட்டப்படும். இதே மனப்போக்கு நீதிமன்றத்திலும் எட்டிப்பார்த்ததுண்டு. 2020இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், அண்டை வீட்டுப் பெண்ணிடம் அத்துமீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவன் இனிப்போடு அவர் வீட்டுக்குப் போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஜாமீனுக்கு நிபந்தனை போட்டது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, இத்தகைய வழக்குகளில் சமரசத்தையோ திருமணத்தையோ நீதிபதிகள் யோசனையாகக்கூடச் சொல்லக் கூடாது என்றது.

பாகிஸ்தானின் முக்தார் மாயி 'வாழ்க்கை கொடுக்கும்' கணக்கைத் தலைகீழாக்கியவர். 2002இல் தம்பி மேல் சுமத்தப்பட்ட பழிக்குத் தண்டனையாகக் கிராமத்தில் அவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். அவமானம் தாங்காமல் உயிரை விட்டுவிடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவர் வழக்குப் போட்டார். கிடைத்த இழப்பீட்டில் பள்ளிக்கூடம் கட்டினார். அவருடைய காவலுக்கு வந்த ஒரு போலீஸ்காரர் அவரை விரும்பி விடாமல் கேட்க, 2009இல் திருமணம் நடந்தது. அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. முதல் மனைவிக்கு வீடும் மாதப் பணமும் எழுதித்தர வேண்டும் என்று நிபந்தனை போட்டவர் முக்தார்தான். மறுத்தால் அந்த வீட்டில் வேறு பெண்களின் திருமணங்கள் உடையும் என்ற நெருக்கடியும் அந்தச் சம்மதத்துக்குப் பின்னால் இருந்தது. தூய காதல் கதை என்று கொண்டாட முடியாத திருமணம். ஆனால் பிச்சையாக வாங்கியதும் இல்லை.

இதுவரை பேசியது வெளியாள் தாக்கிய கதைகள். கணக்கு வேறு கதை சொல்கிறது. அதே குடும்பநல ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான மணமான பெண்களில் 82 சதவீதம் பேர் கைகாட்டியது தற்போதைய கணவரை. இவர்களுக்கு 'பிறகு' என்று ஒரு காலமே இல்லை. அதே வீடு, அதே கட்டில். 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் வலிந்து கொள்ளும் உறவை வன்புணர்ச்சிக் குற்றமாகக் கருத முடியாது என்ற விலக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 மட்டும், பாலியல் கொடுமையையும் வன்முறையாக எண்ணி, பாதுகாப்பு உத்தரவு பெற வழி தருகிறது. பாதிக்கப்பட்ட ஆண்களின் நிலை இன்னும் மோசம். பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இடம்பெறாததால், வயதுவந்த ஆண் ஒருவர் இத்தகைய புகாரைக் கொடுக்கத் தனிப் பிரிவே இல்லை. மனைவியிடம் சொன்னால் ஆண்மையே கேள்விக்குறியாகும் என்று அவர் விழுங்கிக்கொள்கிறார்.

சிகிச்சை இருக்கிறது, அது பலன் தருகிறது. எட்னா ஃபோவா வகுத்த முறை, பாதுகாப்பான அறையில் அந்த நினைவை மீண்டும் மீண்டும் பேசவைத்து அதன் கூர்மையை மழுங்கச் செய்கிறது. பாட்ரிசியா ரெசிக் இதே பாதிப்புள்ள பெண்களுக்காக உருவாக்கிய இன்னொரு முறை, 'என் தப்புதான்' போன்ற எண்ணங்களை எழுதவைத்து ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. இரண்டுமே ஆண்டுக்கணக்கில் இழுப்பவை அல்ல. பெரும்பாலும் சில மாதங்களில் முடிபவை. கேண்டிஸ் மான்சன் குழுவினர் பி.டி.எஸ்.டி. உள்ளவர்களையும் அவர்களுடைய துணைகளையும் சேர்த்தே உட்காரவைத்தார்கள். 40 இணையரிடம் நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2012இல் வெளியானது. நோய்க்குறிகளும் குறைந்தன, உறவில் நிறைவும் கூடியது.

சுசன் பிரைசன் என்ற தத்துவப் பேராசிரியர் 1990இல் பிரான்சில் காலை நடைக்குப் போன இடத்தில் தாக்கப்பட்டு, இறந்துவிட்டதாக நினைத்துக் கைவிடப்பட்டவர். பிழைத்து வந்து, பிறகு ஒரு மகனையும் பெற்று, 2002இல் எழுதிய நூலில் அவர் சொல்வது இதுதான்: 'நான்' என்பது மற்றவர்களோடு சேர்ந்தே உண்டாவது. அதை ஒருவன் உடைக்கலாம், திரும்பக் கட்டக் கேட்கும் காது உள்ள இன்னொருவர் வேண்டும்.

அந்தக் காது வீட்டில் இல்லாதவர்களுக்கு வெளியே இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இலங்கையில் பெண்கள் உதவி எண் 1938. டெலி மானஸில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, ஆண்களும் கூப்பிடலாம். சம்பவம் நடந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது ஒரு பொருட்டில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் கணவரும் காதலரும்கூட அந்த எண்ணை அழுத்தலாம்.